சின்வேக் என்றால் வம்பளப்பா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

திருவட்டாறு_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள், அதிலும் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

என் அக்கா நர்ஸ். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கூட வேலை பார்க்கிற வயதான நர்ஸம்மா ஒருவர் அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார், வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் கேன்டீனுக்கு வா, நாம் இரண்டு பேரும் ஒரு சின்வேக் போடலாம் என்று. அக்காவுக்கு அந்தச் சொல்லே தெரியாது. போனில் இருக்கிற அகராதியில் தேடினால் "வம்பளத்தல், வீண்பேச்சு" என்று வந்திருக்கிறது. அதிலிருந்து ஒரே கவலை. வார்டில் மலையாளப் பிள்ளைகளோடு இவள் பேசிக்கொண்டிருந்ததை யாரோ மேலே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அதைக் கண்டிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டதால் இங்கே வீட்டிலும் யாருக்கும் நிம்மதி இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இது திட்டுகிற சொல்லா, அன்பாகச் சொல்வதா? வேக் என்றால் நாய் வாலாட்டுவதற்குச் சொல்கிற சொல்தானே, அது எப்படிப் பேச்சுக்கு வந்தது? இதே மாதிரி வேறு சொற்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அக்காவுக்கு மொத்தமாக அனுப்பி விடுகிறேன்.


பார்வதிபுரம்_ஆசிரியர் எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இது திட்டு இல்லை. வா, உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கலாம் என்கிற அழைப்பு, அவ்வளவுதான்.

நான் நாகர்கோவிலில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சொல் இரண்டு துண்டு. சின் என்றால் நாடி. மெட்ராஸ்காரர்கள் முகவாய்க்கட்டை, மோவாய் என்பார்கள், நமக்கு அது நாடிதான். வேக் என்றால் இப்படியும் அப்படியும் ஆடுவது, ஆட்டுவது. இது பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிற வினைச்சொல், அசைவது என்றுதான் அதற்குப் பொருள், நாய் வாலுக்கென்று பிறந்த சொல் இல்லை. விரலை ஆட்டி எச்சரிப்பதற்கும், தலையை ஆட்டுவதற்கும், ஊர் நாக்குகள் ஆடுகின்றன என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். பேசும்போது நாடி மேலும் கீழும் போய்வருகிறது இல்லையா, தூரத்தில் இருந்து இரண்டு பேரைப் பார்த்தால் சத்தம் கேட்காது, அந்த அசைவு மட்டும்தான் தெரியும். அதை வைத்தே பேச்சுக்குப் பெயர் போட்டுவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் கொச்சைப் பேச்சாகப் புழங்கத் தொடங்கி அப்படியே நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதனால் ஹாலிவுட் படம் பார்த்து ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் காதில் இது விழுந்திருக்க வாய்ப்பு குறைவு.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். பேக், டேக் என்று சொல்கிறோமே அதே ஓசைதான், நடப்பதற்குச் சொல்கிற வாக் இல்லை. அக்கா பதில் சொல்லும்போது வாக் என்று சொல்லிவிட்டால் அந்த அம்மா சேர்ந்து நடக்கக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார்.

அகராதி தந்த பொருளை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வம்பு என்ற சொல்லுக்கு இன்று தமிழில் இருக்கிற கசப்பு சின்வேக்கில் கிடையாது. வம்பு என்பதும் முன்பு அப்படி இருந்த சொல் இல்லை. சங்கப் பாடல்களில் வம்ப மாரி என்றால் பருவம் தப்பிப் புதிதாக வந்த மழை. புதுமை, நிலையில்லாமை என்பதுதான் அங்கே பொருள். ஒரு சொல்லின் குணம் காலத்தோடு இப்படி மாறிக்கொண்டே இருக்கும், அகராதி ஒரு வரியில் அதை எப்படிச் சொல்லும்?


குளச்சல்_நர்ஸ் எழுதியது:

சார் சொன்னது அவ்வளவும் சரி. நான் யார்க்‌ஷர் பக்கம் பல வருஷமாக வேலை பார்க்கிறேன், அதனால் பழக்கத்தில் எப்படி என்று சொல்கிறேன்.

தம்பி, உங்கள் அக்காவைக் கூப்பிட்டிருப்பது நல்ல அறிகுறி. புதிதாக வந்த பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று பார்த்துக் கூப்பிடுகிறார்கள். இங்கே ஒருவரை வீட்டுக்கு அழைக்க அவ்வளவு சீக்கிரம் மனம் வராது, அதற்கு முந்தைய படி இந்த மாதிரி டீ குடிக்கக் கூப்பிடுவதுதான். போகாமல் இருந்தால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

சின்வேக்கை விட எங்கள் பக்கம் அதிகம் காதில் விழுகிற சொல் நேட்டர். இது வட இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் இருந்து வந்தது. முதலில் அதற்கு முணுமுணுப்பது, குறைப்பட்டுக்கொள்வது என்று பொருள், பிறகு சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கு ஆகிவிட்டது. பல் தட்டுகிற மாதிரி, வாய் ஓயாமல் ஓடுகிற மாதிரி ஒரு ஓசை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். காலையில் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஜன்னலோரப் படுக்கையில் இருக்கிற தாத்தா பாட்டிகள் இதைச் சொல்லித்தான் நிறுத்துவார்கள், ஒரு நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போ என்று. மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் வைத்திருப்பார்கள், விழுங்கினால் நாம் அடுத்த படுக்கைக்குப் போய்விடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். வந்த புதிதில் எனக்கு அது புரியவில்லை, மாத்திரை வேண்டாம் என்கிறார்கள் போல என்று எழுதி வைக்கப் போனேன், பக்கத்தில் இருந்த சீனியர் அக்காதான் சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் அக்கா உண்மையில் கவனிக்க வேண்டிய சொல் வேறு. "உன்னிடம் ஒரு வேர்ட் பேசலாமா" என்று மேலதிகாரி கேட்டால் அதுதான் கொஞ்சம் விஷயம். கேட்க எவ்வளவு மென்மையாக இருக்கிறது, ஒரே ஒரு சொல்லாம்! ஆனால் இங்கே வேலையிடத்தில் அப்படித் தனியாகக் கூப்பிட்டால் ஏதோ குறை சொல்லப் போகிறார்கள், இல்லாவிட்டால் முக்கியமான செய்தி என்று அர்த்தம். அதையே பன்மையில், இருவருக்குள் வேர்ட்ஸ் ஆகிவிட்டது என்றால் சண்டை போட்டார்கள் என்று பொருள். நம் ஊரிலும் வார்த்தை முற்றிப் போச்சு, பேச்சு வந்துட்டு என்று சொல்வோம் அல்லவா, அந்த வகை. கண்டிக்கிற எண்ணம் இருந்திருந்தால் அந்த அம்மா சின்வேக் என்ற சொல்லைத் தொட்டிருக்கவே மாட்டார்.


மட்டைப்பந்து_மணவாளக்குறிச்சி எழுதியது:

சின் என்றதும் எனக்கு கிரிக்கெட் ஞாபகம் வந்துவிட்டது. வேகப்பந்து வீச்சாளர் பவுன்சரை பேட்ஸ்மேன் நாடிக்கு நேராக எழுப்பினால் வர்ணனையாளர்கள் சின் மியூசிக் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதே சின் மியூசிக்குக்கு வளவளப் பேச்சு என்றுதான் பொருள், பந்துக்கு வந்தது பிற்பாடு, அங்கே பேஸ்பாலிலும் சொல்வார்கள். இதையும் அக்காவுக்கு அனுப்புங்கள், இங்கிலாந்தில் கிரிக்கெட் பேசினால் சிநேகிதம் சீக்கிரம் பிடிக்கும்.


கடியபட்டணம்_கரைமகன் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. எனக்குச் சொற்களின் வேரைத் தேடுவதில் ரொம்ப நாள் ஆசை, அதிலும் கடல்வழி வந்த சொற்கள் என்றால் விடமாட்டேன்.

பேச்சுக்கு ஆங்கிலத்தில் பலாவர் என்று ஒரு சொல் உண்டு. அதன் மூலம் போர்ச்சுகீசிய மொழியின் பலாவ்ரா, அங்கே அதற்குச் சொல், வார்த்தை என்று பொருள். போர்ச்சுகீசிய வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஊர்த்தலைவர்களோடு உட்கார்ந்து விலை பேசுவார்கள், வழக்கு தீர்ப்பார்கள், அதெல்லாம் பலாவ்ரா. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கரைக்குப் போன ஆங்கில மாலுமிகள் அதைக் காதில் வாங்கி பலாவர் ஆக்கிக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை என்றிருந்தது நாளாக நாளாக நீண்ட பயனற்ற பேச்சு என்றாகி, இப்போது ஒரு சின்ன வேலைக்குப் பெரிய ஆர்ப்பாட்டம் செய்தால் அதையும் பலாவர் என்கிறார்கள். ஊர்க்கூட்டம் ஏன் வளவளப்பு ஆனது என்று யோசித்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த ஆப்பிரிக்க ஊர்களில் அது நியாயம் பேசுகிற சபை. வெளியில் இருந்து வந்தவனுக்கு, கப்பல் கிளம்பத் தாமதமாகிறதே என்ற எரிச்சல்தான் மிச்சம், அந்த எரிச்சல் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டது.

இன்னும் பின்னால் போனால் பலாவ்ராவுக்கு மூலம் பிற்கால லத்தீனின் பராபொலா, அதற்கு முன் கிரேக்கம். கிறிஸ்தவக் கோயிலில் வாசிக்கிற உவமைக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பேரபிளும் அதே வேர். பார்லிமென்ட் கூட அதே வேர்தான், பேசுகிற இடம் என்று பொருள்.

போர்ச்சுகீசியர் நம் கரையிலும் இருந்தார்கள். புனித சவேரியார் 1544இல் திருவிதாங்கூர்க் கரையோர ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அவர்கள் செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்தில்தான். அவர்கள் விட்டுப்போன சொற்கள் நம் வீட்டில் நிறைந்து கிடக்கின்றன. ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, துறையில் மீன் எடுக்கும்போது கூவுகிற ஏலம், எல்லாம் அங்கிருந்து வந்தவை. பலாவ்ரா மட்டும் நம்மிடம் தங்கவில்லை. பேச்சுக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் போதுமான அளவு இருந்ததால்தான் என்பது என் எண்ணம்.

கப்பலில் பிறந்த இன்னொன்று ஸ்கட்டில்பட். பட் என்றால் பெரிய பீப்பாய் (இந்த பீப்பாயும் போர்ச்சுகீசியம்தான்). கப்பல் மேல்தளத்தில் குடிதண்ணீருக்கு ஒரு பீப்பாயில் துளை போட்டு வைத்திருப்பார்கள், தண்ணீர் மோக்க வருகிற மாலுமிகள் அங்கே நின்று கப்பல் எங்கே போகிறது, கேப்டன் என்ன சொன்னார் என்று பேசுவார்கள். பீப்பாயின் பெயரே வதந்திக்கு ஆகிவிட்டது. எங்கள் ஊரில் வலை பின்னுகிற இடம் அப்படித்தான். கண்ணும் கையும் கிழிந்த கண்ணியிலேயே இருக்கும், ஊசி நூலோடு உள்ளே போய் வெளியே வந்து முடிச்சு விழுந்துகொண்டே இருக்கும், அதற்குள் நேற்று யார் வள்ளத்துக்கு என்ன மீன்பாடு என்பது முதல் அடுத்த மாதக் கல்யாணம் வரை அத்தனையும் பேசி முடித்திருப்பார்கள்.


தோவாளை_வாசகர் எழுதியது:

எல்லாரும் அரட்டைக்கு வக்காலத்து வாங்குவதாகத் தெரிகிறது. ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். பயனில சொல்லாமை என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். பயனில்லாத பேச்சைப் பாராட்டுகிறவனை மகன் என்று சொல்லாதே, மக்களுள் பதர் என்று சொல் என்கிறார். நர்ஸ் வேலை உயிர் காக்கிற வேலை, அங்கே டியூட்டி நேரத்தில் கதை பேசுவதை நான் ஏற்க மாட்டேன். அகராதி வீண்பேச்சு என்று போட்டதில் என்ன குற்றம்?


முஞ்சிறை_மகள் எழுதியது:

தோவாளை அண்ணனுக்கு என் பதில் இது. அந்த அம்மா டியூட்டி முடிந்த பிறகுதான் கூப்பிட்டிருக்கிறார், தம்பி முதலிலேயே எழுதியிருக்கிறார். வள்ளுவர் வெறுத்தது எதை என்றும் பார்க்க வேண்டும் அண்ணா. புறங்கூறாமை தனி அதிகாரம், கயமையில் அறைபறை அன்னர் கயவர் என்று தொடங்குகிற குறள் ஒன்று இருக்கிறது, தான் கேட்ட ரகசியத்தைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் அடிக்கிற பறை போன்றவன் என்று. பிறரைக் கெடுக்கிற பேச்சு வேறு, ஒருவருக்கொருவர் ஆறுதலாகப் பேசிக்கொள்வது வேறு.

என் அம்மை அண்டி ஆபீஸில் வேலை பார்த்துத்தான் எங்களை வளர்த்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வறுத்த கொட்டையைத் தல்லி உடைக்கும்போது அந்தப் பால் கையில் பட்டால் தோல் வெந்து கறுத்துப் போகும், சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். பருப்பு உடையாமல் முழுசாக வந்தால்தான் கூலிக்கு நல்லது. காலையில் இருந்து சாயங்காலம் வரை குனிந்து உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குப் பேச்சு இல்லாவிட்டால் எப்படி? வர்த்தமானம் பறைவது என்போம் அதை. சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்டால் பேச்சு நிற்கும், அவர் முதுகைத் திருப்பியதும் விட்ட இடத்தில் இருந்து தொடரும், கை ஒரு நொடி கூட நிற்காது. அங்கே பேசிப் பேசித்தான் யார் வீட்டில் பணம் தேவை, யார் மகளுக்கு காலேஜ் பீஸ் கட்ட முடியவில்லை என்று தெரிந்து சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் கட்டினார்கள். அதை வீண்பேச்சு என்று என்னால் சொல்ல முடியாது.

பறைதல் என்றால் மலையாளம் என்று மற்ற மாவட்டத்துக்காரர்கள் சொல்வதுண்டு. சொல்லுதல் என்ற பொருளில் அது பழந்தமிழிலேயே இருக்கிற சொல், விளவங்கோடு கல்குளம் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.


திருவட்டாறு_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்காவிடம் இப்போதுதான் படித்துக் காட்டினேன், மனசு லேசாகிவிட்டது என்றாள். அவள் கேட்கச் சொன்னது இன்னொன்று: சின்வேக்கும் காஸிப்பும் ஒன்றா? அங்கே ரெஸ்ட் ரூமில் யாரையாவது பற்றிப் பேச்சு வந்தால் என்ன செய்வது? பதில் மெசேஜில் என்ன எழுதலாம்?


கடியபட்டணம்_கரைமகன் எழுதியது:

காஸிப்பின் பிறப்பு கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பழைய ஆங்கிலத்தில் அது காட்சிப், அதாவது கடவுள் வழி உறவு. சிப் என்றால் உறவு, உடன்பிறந்தவர்களைச் சொல்கிற சிப்ளிங்கிலும் அதே துண்டுதான் இருக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்கிற ஞானத்தாய், ஞானத்தகப்பன்தான் முதலில் காஸிப். பிறகு நெருங்கிய சிநேகிதி என்றானது, பிரசவ நேரத்தில் தாய்க்குத் துணையாக வந்து கூடுகிற பெண்களையும் அப்படிச் சொன்னார்கள். அந்த அறையில் ஆண்களுக்கு இடமில்லை. உள்ளே என்ன பேசினார்களோ என்ற சந்தேகத்தில்தான் அந்தச் சொல் ஊர்வம்பு என்ற இடத்துக்கு இறங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்கள் ஒரு உயிரைக் காக்க வந்தவர்கள், சொல்லில் அவர்களுக்குக் கிடைத்தது கெட்ட பெயர்.


பார்வதிபுரம்_ஆசிரியர் எழுதியது:

சங்க காலத்தில் இதற்கு அழகான பாகுபாடு உண்டு. காதலர்களைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசத் தொடங்கினால் அலர். அலர் என்றால் மலர்வது. முகிழ்க்கும்போது அம்பல், விரிந்தால் அலர். இந்த இரண்டும்தான் காஸிப் பக்கம் வரும், சின்வேக் வராது.

கூடவே ஒன்று. செவ் த ஃபேட் என்று ஒரு தொடரும் உண்டு, கொழுப்பை மெல்வது. அது அச்சில் தென்படுகிற பழைய இடங்களில் ஒன்று, 1885இல் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாழ்க்கையைப் பற்றி வந்த ஒரு புத்தகம். அப்போது அதற்குக் குறைசொல்லிப் புலம்புவது என்று பொருள், இப்போது சாவகாசமாகப் பேசுவது. கப்பலில் உப்புக் கொழுப்பை மென்றுகொண்டே பேசினார்கள், அதிலிருந்து வந்தது என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அதற்குச் சான்று இல்லை, நம்ப வேண்டாம்.

தோவாளைக்காரருக்கும் ஒரு வார்த்தை. ஸோஹோ 2021இல் கொண்டுவந்த மெசேஜ் செயலிக்கு அரட்டை என்றே பெயர் வைத்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. சொல்லின் கசப்பு போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இது போதாதா?


தோவாளை_வாசகர் எழுதியது:

அண்டி ஆபீஸ் பற்றி எழுதியதைப் படித்தேன் தங்கச்சி. நான் சொன்னது வேலை நேரத்தை மனதில் வைத்து. டியூட்டி முடிந்து பேசுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. ஆனால் நோயாளியைப் பற்றிய விஷயம் கேன்டீனில் வரக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதம்தான்.


குளச்சல்_நர்ஸ் எழுதியது:

அந்தப் பிடிவாதம் நியாயமானது, இங்கே அது சட்டமும் கூட. நோயாளி பெயர், நோய், வீட்டு விவரம் எதுவும் கேன்டீனிலோ லிஃப்டிலோ பேசக்கூடாது, பேசினால் வேலைக்கே ஆபத்து. கூட வேலை பார்க்கிற யாரையாவது பற்றிப் பேச்சு எழுந்தால் எனக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்கு மாறிவிடலாம். மழை, பஸ், லீவுக்கு எங்கே போகிறாய், இந்த மூன்றும் இங்கே எப்போதும் கைகொடுக்கும்.

மெசேஜுக்கு நீளமாக எழுத வேண்டாம். எனக்கும் சந்தோஷம், எத்தனை மணிக்கு என்று கேட்டு ஒரு வரி போதும், ஆனால் இன்றைக்கே போடச் சொல்லுங்கள், மெசேஜ் வந்து நாளாகிவிட்டது என்றால் தாமதத்துக்கு ஒரு சாரியும் சேர்க்கலாம். அப்புறம், டீக்குக் காசு யார் கொடுப்பது என்று அக்கா குழம்ப வேண்டாம். முதல் தடவை அந்த அம்மாவே வாங்கிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளட்டும், அடுத்த தடவை இவள் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஊரில் இருந்து கொண்டுபோன நேந்திரங்காய் வற்றல் மிச்சம் இருந்தால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள், எங்கள் வார்டில் அதற்கு நல்ல கிராக்கி.